கோட்டில் வந்த சின்ன முறிவு

பனமரத்துப்பட்டி

அன்புள்ள கண்ணு,

குளிர்நிலை ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். மனசு நிறைந்துவிட்டது.

திரவ ஹீலியத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஒருமுறையாவது பார்த்துவிடு. பம்பு இழுக்க இழுக்க, 4.2 கெல்வினிலிருந்து கொதித்துக்கொண்டே குளிரும். 2.17-ஐத் தொட்டதும் கொதிப்பு சட்டென்று அடங்கும். ஒரு குமிழி இருக்காது. பம்பு நின்றுவிட்டதோ என்று பதறாதே. வெப்பம் எங்கும் தேங்காமல் பாய்வதால் மேற்பரப்பு மட்டுமே ஆவியாகிறது. ஹீலியம் உராய்வின்றிப் பாயும் மீப்பாய்மமாகிவிட்டது.

உன்னை அழவைக்கப்போவதும் அதுதான். வெளியே கசிவு சோதனையில் தேறிய பற்றவைப்பு, 2.17-க்குக் கீழே ஒழுகும். ஏரிக்கரையில் நண்டு வளை இருப்பது தண்ணீர் ஏறினால்தானே தெரியும்! ஒவ்வொரு இணைப்பையும் நீயே செய், நீயே சோதி.

ஒரு கதையை மட்டும் மறக்காதே. 1971 நவம்பரில், கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் டக்ளஸ் ஓஷராஃப், ஹீலியத்தின் அரிய ஐசோடோப்பான ஹீலியம்-3-ஐ அழுத்திக் குளிர்வித்துக்கொண்டிருந்தார். அழுத்தம் ஏறுவதைக் காட்டும் வரைபடக் கோட்டில் ஒரு சின்ன முறிவு. கருவிக் கோளாறு என்று தள்ளிவிடலாம், அவர் தள்ளவில்லை. திரும்பச் செய்தபோதும் அதே இடத்தில் வந்தது. இன்னும் கீழே இன்னொன்றும் தெரிந்தது. திரவத்தோடு சேர்ந்திருந்த திட ஹீலியம்-3-இல் ஏதோ மாற்றம் என்றுதான் குழுவினர் முதலில் எழுதினார்கள். 1972-லேயே காந்த ஒத்திசைவு வைத்துப் பார்த்தபோது, மாறியது திரவம் என்று தெளிந்தது. ஹீலியம்-3 மீப்பாய்மமாகும் இரண்டு நிலைகள் அவை. இரண்டும் கெல்வினில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் கீழே. குழுவிலிருந்த லீ, ரிச்சர்ட்சன், ஓஷராஃப் மூவருக்கும் 1996-இல் நோபல் கிடைத்தது.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நினைக்காதே. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் ராமகிருஷ்ணன், தமிழவேள் உள்ளிட்ட குழுவினர், தூய பிஸ்மத் 0.53 மில்லிகெல்வினில் மின்தடையற்ற மீக்கடத்தியாவதை 2016-இல் காட்டினார்கள். பூமியின் காந்தப்புலமே அதைக் கெடுத்துவிடும். அந்தப் புலத்தைக் கவசமிட்டுத் தடுத்து, சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தபிறகே அறிவித்தார்கள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே நோட்டில் எதையும் அடித்துத் திருத்தாதே. கோடு வளைந்தால் நேரத்தையும், அப்போது பம்பை யார் தொட்டார்கள் என்பதையும் எழுது. ஆவியாகும் ஹீலியத்தை மீட்புக் குழாயிலேயே விடு. இறக்குமதிச் சரக்கு, காற்றில் போனால் திரும்பாது.

பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. உனக்குப் புரியாத பக்கங்களை முதலில் பார்ப்போம்.

உன் பெரியப்பா