சாலைப் பணியிடமும் கன்டெய்னர் லாரியும்

சென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது வழக்கம். பணிக்காகச் சாலையைத் தோண்டினால் பாதை குறுகும்; பைக்கில் வருபவர் லாரியின் இடப்பக்க இடுக்கில் நுழைவார். ஆபத்து அங்கேதான். லாரியின் இருக்கை உயரமாக இருப்பதால், முன்சக்கரத்தை ஒட்டி இடப்பக்கம் நிற்பவர் ஓட்டுநர் கண்ணில் படமாட்டார். டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். பின்னால் காத்திருப்பதே சரி. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரியாவிட்டால், அவருக்கும் பைக் தெரியாது.

பணியிடத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகை, பாதையைப் படிப்படியாகக் குறுக்கும் கூம்புகள், இரவில் ஒளிரும் தடுப்புகள் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 வழிகாட்டி. நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் தடுப்பாகாது. பாதுகாப்புத் தரத்தை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவுப்படி ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

தேசிய நெடுஞ்சாலையில் குறை கண்டால் 1033, விபத்தென்றால் 108. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரை அதே சட்டத்தின் 134ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது; பெயரைச் சொல்லும்படி போலீசார் வற்புறுத்த முடியாது.