கோயிற் பிரசங்கமும் மக்கட் கல்வியும்

எழுத்தறியாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் துணிபு. திருக்குறளிலே கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருப்பதும் இதனாலேயே எனலாம்.

ஈழத்துச் சைவாலயங்களிலே இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வந்தது புராணபடனம் ஆகும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். இங்கே நூலே முன்னே செல்லும். சொல்பவர் அதன் பின்னே செல்வார். ஒரு பொருளை எடுத்து, அதனை வகுத்து, வசன நடையிலே விளக்கும் பிரசங்கம் இதனின் வேறானது.

இம்முறையைக் கோயிலுக்குள் நிலைபெறச் செய்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர் (1822 - 1879). வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்த அவர், பாதிரிமாரின் பிரசங்கம் சாதாரண மக்களைச் சென்றடையும் விதத்தை நேரிற் கண்டவர். 31.12.1847 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. நாவலர் என்னும் பட்டமும் இல்லை. அதன்பின் வெள்ளிதோறும் அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பிரசங்கித்தனர். சிவலிங்க வழிபாட்டோடு கொல்லாமை, மதுபானத்தின் தீமை, தானம் முதலிய வாழ்வியற் பொருள்களும் அங்கே பேசப்பட்டன. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் வழங்கியதும் அவரது பிரசங்க வன்மைக்காகவே.

எனினும் பிரசங்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. கேட்டது நாளடைவில் மறந்துபோகும். நாவலர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதை அவருடைய செயல்களே காட்டுகின்றன. 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சியந்திரம் தருவித்தார். சிறுவர்க்குப் பாலபாடங்களையும், செய்யுள் விளங்காதார்க்கு 1852இலே பெரியபுராண வசனத்தையும் வெளியிட்டார். பிரசங்கம் ஆர்வத்தை எழுப்ப, பள்ளிக்கூடம் அதனை வளர்க்க, நூல் அதனைக் காத்தது.

இன்றும் திருவிழா நிகழ்ச்சி நிரலிலே பிரசங்கத்துக்கு இடமுண்டு. சுவாமி வீதிவலம் வரும்வரை பொழுதைப் போக்கும் ஒன்றாக அது சுருங்கிவிடுமானால், ஒலிபெருக்கி எவ்வளவு உரத்து ஒலித்தும் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு பொருள், பிள்ளைகளுக்கும் விளங்கும் எளிய நடை, கேட்டோர் ஐயம் வினவச் சிறிது நேரம், அப்பொருள் பற்றி அறநெறிப் பாடசாலையிலே மறு வாரம் ஒரு பாடம், வீட்டுக்குக் கொண்டுசெல்ல ஒரு சிறு பிரசுரம் ஆகிய இவ்வளவும் ஒரு கிராமக் கோயிலாலே இயலக்கூடியனவே. பேசியவரின் நாவன்மையை வியந்து கலைவதோடு நில்லாது, கேட்டவற்றுள் ஒன்றையேனும் வீட்டிலுள்ளோர்க்கு எடுத்துச் சொல்லும்பொழுதே பிரசங்கம் கல்வியாகின்றது.