அம்மாவுக்குத் தொற்று: குழந்தையை எங்கே படுக்க வைப்பது?

பிரசவம் முடிந்த தாய்க்கு வைரஸ் தொற்று என்று தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளையைத் தனியா எடுத்துட்டுப் போயிடலாமா?" என்பதுதான். பதற்றத்தில் வருகிற கேள்வி, குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "பிள்ளைக்கு ஊசியோ மருந்தோ கொடுக்கணுமா? எத்தனை மணி நேரத்துக்குள்ள?" படுக்கையை எங்கே போடுவது என்று அரை நாள் பேசலாம். ஊசிக்கு அந்த அவகாசம் இருக்காது.

அடுத்து, தாயிடமிருந்து குழந்தையைத் தள்ளி வைப்பதையும் தாய்ப்பாலை நிறுத்துவதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தை தாயின் பக்கத்திலேயே இருந்து மார்பில் குடிக்கலாம். தாய் தனி அறையில் இருக்க, பீய்ச்சி எடுத்த பாலை வேறொருவர் புகட்டலாம். தாய்ப்பாலே இல்லாமல் மாவுப்பாலில் வளர்க்கலாம். இந்த மூன்றில் எது என்பதை, வந்திருக்கும் வைரஸ் எந்த வழியாகப் பரவும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "தொற்று" என்ற ஒரே சொல்லுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் மூன்றாவது வழியைப் பிடிப்பது குழந்தைக்கு இழப்பு.

ஹெபடைடிஸ் பி-யை எடுத்துக்கொள்வோம். கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரியவந்ததும் பல குடும்பங்கள் தாய்ப்பால் கூடாது என்று தாமாகவே முடிவெடுத்துவிடுகின்றன. அதற்குத் தேவையே இல்லை. இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகிறது. எனவே பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரதம்) 0.5 மி.லி. போட வேண்டும். பச்சைக்குழந்தையாக இருக்கும்போது இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகவே தங்கிவிடும், பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். இரண்டு ஊசிகளும் நேரத்துக்குப் போட்டுவிட்டால் முதல் வழியே போதும்: அம்மா பக்கத்தில் படுக்கை, நேரடியாகத் தாய்ப்பால். இதற்காக மட்டும் சிசேரியனும் வேண்டியதில்லை. தடுப்பூசி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படி எப்போதும் கையிருப்பில் இருக்குமென்று சொல்ல முடியாது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். எட்டாம் மாதச் செக்கப்பிலேயே, "பிரசவத்தன்னைக்கு அந்த ஊசி இங்க இருக்குமா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் வலி எடுத்த பிறகு தேடி அலைவது கொடுமை.

சின்னம்மையில் நிலைமை வேறு. இங்கே நாள் கணக்கு உயிர்க் கணக்கு. தாய்க்குக் கொப்புளம் கிளம்பிய நாள் பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரைக்குள் விழுந்தால் குழந்தை பெரும் ஆபத்தில் இருக்கிறது. வைரஸ் குழந்தையை எட்டியிருக்கும், அதை எதிர்க்கும் ஆற்றலைத் தாயின் உடல் உருவாக்கி நஞ்சுக்கொடி வழியே அனுப்ப நேரம் கிடைத்திருக்காது. சிகிச்சை இல்லாத காலத்தில் இப்படிப் பிறந்த குழந்தைகளில் 30 சதவீதம் வரை இறந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. பத்து நாள் முன்பே அம்மை போட்டிருந்தால் பயம் குறைவு. வைரஸோடு தாயின் எதிர்ப்பாற்றலும் போய்ச் சேர்ந்திருக்கும். பிரிட்டனில் இன்னும் எச்சரிக்கையாக, முன்னும் பின்னும் 7 நாள் என்று கணக்கு வைக்கிறார்கள்.

அந்த நாட்களுக்குள் வந்திருந்தால் குழந்தைக்குச் சின்னம்மைக்கென்றே உள்ள இம்யூனோகுளோபுலின் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் நரம்பு வழியே ஏற்றும் பொதுவான இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். இங்கேதான் நம் வீட்டு வழக்கம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அம்மை போட்டால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருப்பார்கள். வேப்பிலையால் தீங்கில்லை. ஆட்களை ஒதுக்கி வைப்பது மருத்துவப்படியும் சரி. ஆனால் பச்சைக்குழந்தையின் ஊசி தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. தாய்க்குமே பெரிய வயதில் வரும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் அம்மை வராமலே வளர்ந்துவிடும் பெண்கள் நிறைய.

படுக்கை? கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தாய் தனி அறையில், குழந்தை வேறு அறையில் என்பதுதான் பரவலான வழிகாட்டுதல். பிரிட்டனில் ஊசி போட்டுவிட்டுத் தாயோடே வைத்திருக்கவும் அனுமதிக்கிறார்கள். ஊசி நேரத்தோடு போட்டாகிவிட்டது, குழந்தை நிறை மாதத்தில் நல்ல எடையோடு பிறந்திருக்கிறது, தினமும் குழந்தை மருத்துவர் பார்க்கிறார் என்றால் பிரிட்டன் வழி எனக்கு ஏற்கத்தக்கதாகவே படுகிறது. குறைமாதக் குழந்தை என்றால் தனி அறைதான். எப்படியானாலும் பால் நிற்க வேண்டாம். மார்பில் கொப்புளம் இல்லாவிட்டால் பீய்ச்சிக் கொடுக்கலாம். குழந்தையைத் தூக்குகிறவர் முன்பே ஒரு தடவை அம்மை வந்து போனவராக இருக்க வேண்டும்.

பீய்ச்சிக் கொடுப்பது என்று சொல்வது சுலபம், செய்து காட்டத்தான் ஆள் இருப்பதில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேல் விளிம்பில் கட்டைவிரலும் கீழ் விளிம்பில் மற்ற விரல்களும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கவிடக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் இரண்டு நாள் சில சொட்டுச் சீம்பால்தான் வரும், அது போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எடுத்தால்தான் பால் வற்றாமல் இருக்கும். புகட்டுவதற்குப் பாட்டி வீட்டுப் பாலாடையைவிடச் சிறந்த கருவி இல்லை. பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாலாடையைக் கொதிநீரில் போட்டெடுத்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சாய்த்தால் குழந்தையே சப்பிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். எடுத்த பாலை நம் ஊர் வெயிலில் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

எச்.ஐ.வி.யில் முடிவெடுப்பது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் இந்த வைரஸ் பால் வழியாகவும் போகும். தாய் கர்ப்பகாலம் முழுக்கக் கூட்டு மருந்து தவறாமல் எடுத்து, குழந்தைக்கும் பிறந்ததிலிருந்து பொதுவாக 6 வாரம் நெவிரபின் சொட்டு மருந்து கொடுத்தால் தொற்று 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் 15 முதல் 45 சதவீதம். மருந்து ஒழுங்காகப் போகும் வீட்டில் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நல்ல வழி. மாவுப்பாலைத் தேர்ந்தெடுக்கலாம்தான், ஆனால் 6 மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ மாவு, ஒவ்வொரு வேளைக்கும் கொதிக்க வைத்த நீர், நள்ளிரவிலும் சுத்தமான பாத்திரம், இத்தனையும் ஒருநாள்கூட விடுபடாமல் நடக்குமா என்று முதலில் யோசிக்க வேண்டும். நடக்காதென்றால் வயிற்றுப்போக்கே குழந்தையைக் கொண்டுபோய்விடும்.

இரண்டையும் கலப்பதுதான் மிக மோசம். 1999-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆய்வு இதைக் காட்டியது: தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு பாலோ நீரோ உணவோ சேர்த்துக் குடித்தவர்களுக்குத் தொற்று அதிகம். வேறு ஆகாரம் குடலின் மென்மையான உள்தோலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறப்பதாகக் கருதுகிறார்கள். நம் வீடுகளில் இந்தக் கலப்பு அன்போடுதான் நுழைகிறது. பிறந்ததும் சேனை வைப்பது, விக்கலுக்குச் சர்க்கரைத் தண்ணீர், தலைக்கு ஊற்றிய அன்று உரமருந்து. மருமகளுக்கு எச்.ஐ.வி. என்று தெரியாத மாமியார் ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும்போது அவளால் காரணம் சொல்லித் தடுக்க முடியாது. "டாக்டர் ஆறு மாசம் பச்சைத் தண்ணிகூடக் கூடாதுன்னுட்டார் அத்தை" என்ற ஒரு வரி போதும். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் அறிவுரை அது, பொய்யும் இல்லை. சம்மதம் இல்லாமல் அவள் நிலையை வெளியிடுவது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி கூடாது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரை அழைத்து வீட்டாரிடம் பொதுவாகப் பேச வைக்கவும் கேட்கலாம். குழந்தைக்கு 6 வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை, 18 மாதத்தில் உறுதிப் பரிசோதனை.

ஃப்ளூவும் கோவிட்டும் காற்றில் பரவுபவை, தாய்ப்பாலால் பயமில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு கோவிட் தாயையும் குழந்தையையும் பிரிக்கச் சொன்னது. அந்த ஜூலையிலேயே ஒரே அறையில் வைக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் தொடக்கம் முதலே சேர்த்து வைக்கத்தான் சொன்னது. முகக்கவசம், கை கழுவுதல், பால் கொடுக்காத நேரத்தில் 6 அடி தள்ளித் தொட்டில். தாய் எழுந்து உட்கார முடியாத அளவுக்குக் காய்ச்சலில் இருந்தால் மட்டும் இரண்டாவது வழி. தட்டம்மையில் கண்டிப்பு வேண்டும்: தடிப்பு தெரிந்து 4 நாள் வரை தனி அறை, குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின், பால் பீய்ச்சி. டெங்கு ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை, கொசுவலை போதும். ஆனால் பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கு வந்திருந்தால் குழந்தையைச் சில நாள் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

பலரும் பொருட்படுத்தாதது உதட்டோரம் வரும் ஹெர்பிஸ் கொப்புளம். பெரியவர்களுக்கு அது நாலு நாள் எரிச்சல், பச்சைக்குழந்தைக்கு மூளைவரை போகக்கூடியது. தாய்க்கு இருந்தால் முகக்கவசத்தோடு பால் கொடுக்கலாம், கொப்புளம் மார்பில் இருந்தால் அந்தப் பக்கம் ஆறும்வரை கூடாது, அந்தப் பக்கத்துப் பாலைக் கொட்டிவிட வேண்டும். பார்க்க வரும் மாமா, சித்தி, தாத்தா யாருக்கு இருந்தாலும் குழந்தைக்கு முத்தம் இல்லை. முதல் ஒரு மாதத்தில் குழந்தையின் தோலில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய், தாய்க்கு அல்லது வீட்டில் யாருக்குக் கொப்புளம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.