முதல் ரிவால்வருக்கு மென்மையான தோட்டா

பாயிண்ட் 22-ல் பழகியவர் முதல் சென்டர்ஃபயர் ரிவால்வர் வாங்கப் போனால், ஆசை நேராக .357 மேக்னம் பக்கம்தான் ஓடும். டெக்சாஸில் நான் வாங்கியதும் அதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் நான் சுடுவது .38 ஸ்பெஷல். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. மேக்னத்தின் பித்தளைக் கூடு மட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். .357 ரிவால்வரில் .38 தாராளமாகச் சுடலாம். .38 ரிவால்வரில் மேக்னம் கூடவே கூடாது.

148 கிரெய்ன் வாட்கட்டர் குண்டு நொடிக்கு 700 அடி சொச்சம் போகும். மேக்னம் 1,200-ஐத் தாண்டும். மேக்னத்தின் உதைக்கும் சத்தத்துக்கும் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். அந்தப் பயம் விரலில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. மென்தோட்டாவில் குறிமுள் எங்கே நின்றது என்பது வெடித்த கணமே தெரியும். வாட்கட்டரின் முகம் தட்டை; காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல விளிம்பு பிசிறாத வட்ட ஓட்டை விழும். அந்த ஓட்டைகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் நாளின் சந்தோஷமே தனி.

அதற்காகத்தான் தோட்டாவைக் கையால் தயாரிக்கத் தொடங்கினேன். சுட்ட கூட்டைப் பிரஸ்ஸில் வைத்து அளவுக்குச் சுருக்க வேண்டும், பழைய பிரைமரைத் தள்ளிப் புதியதைப் பதிக்க வேண்டும், வாயை லேசாக விரித்து வெடிமருந்து போட்டு, குண்டை இருத்தி இறுக்க வேண்டும். கூட்டைச் சுருக்கும் அச்சைக் கார்பைடு டையாக வாங்குங்கள்; கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலை மிச்சம். வாயை விரிக்கக் கஞ்சத்தனம் வேண்டாம், பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும்.

கவனம் முழுக்க மருந்தில் இருக்கட்டும். .38 ஸ்பெஷல் 1898-ல் வந்தது. கரும்பொடிக்கு இடம் வைத்து வடிவமைத்த கூடு. இன்றைய வேகமான மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது, ரிவால்வரையே பிளந்துவிடும். அதனால் கூடுகளை மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கிறேன். மேசையில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால் வேலையை நிறுத்திவிட்டுத்தான் பதில்.

மென்மை வேண்டுமென்று மருந்தளவுக் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். அழுத்தம் போதாமல் குண்டு குழலிலேயே சிக்கும். செம்பு உறை போட்ட குண்டுக்கு உராய்வு அதிகம், சிக்கும் வாய்ப்பும் அதிகம். மென்தோட்டாவுக்கு ஈயமே ஏற்றது. சுடும்போது வழக்கமான வெடிக்குப் பதில் ‘பட்’டென்று அடங்கிய சத்தம் கேட்டால் அடுத்த விசை கூடாது. முனையை இலக்கு மேட்டுப் பக்கமே வைத்துச் சற்றுப் பொறுத்து, உருளையைத் திறந்து தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழலில் குச்சி விட்டுப் பாருங்கள்.

ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. .38 சுட்டுச் சுட்டு மேக்னம் அறைகளுக்குள் கரி வளையம் படியும். பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள். இல்லையென்றால் பிறகு நீளமான .357 தோட்டா உள்ளே இறங்க மறுக்கும்.