சிறு வணிகக் கட்டடத்துக்குக் கேமரா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோபிசெட்டிபாளையத்தில் சிறு வணிகக் கட்டடம் என்பது பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். சாலையைப் பார்த்து இரண்டு மூன்று ஷட்டர் கடைகள், பக்கவாட்டில் மாடிப்படி, மாடியில் ஓர் அலுவலகம் அல்லது டியூஷன் சென்டர், பின்னால் மஞ்சளோ நாட்டுச்சர்க்கரையோ உர மூட்டையோ அடுக்கிய குடோன். இத்தகைய கட்டடத்துக்கு நான்கு முதல் ஆறு கேமராக்கள் போதும். ஆனால் அவற்றை வாங்கும்போது கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது: “எத்தனை மெகாபிக்சல்?”

மெகாபிக்சல் கூடினால் முகம் தெளிவாகத் தெரியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் முகம் தெரிவதைத் தீர்மானிப்பது, கேமராவின் பிக்சல்கள் எவ்வளவு அகலத்துக்குப் பகிரப்படுகின்றன என்பதுதான். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014 பதிப்பு இதற்கு ஓர் அளவு சொன்னது. ஆள் ஒருவர் நடமாடுவதை அறிய ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் போதும். தெரிந்த ஆளை இன்னார் என்று கண்டுகொள்ள 125 வேண்டும். முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காட்ட 250 வேண்டும். கடைகளில் வழக்கமாக மாட்டப்படும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 100 டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கிறது. ஐந்து மீட்டர் தூரத்தில் அது பிடிக்கும் அகலம் 12 மீட்டருக்கும் அதிகம். 2 மெகாபிக்சல் கேமராவின் 1,920 பிக்சல்களை அதில் பகிர்ந்தால் மீட்டருக்குச் சுமார் 150தான் கிடைக்கும். கூடுதல் விலை கொடுத்து அதே லென்ஸில் 4 மெகாபிக்சல் வாங்கினாலும் 200 சொச்சத்தைத் தாண்டாது. அதே தூரத்தில் 6 மி.மீ. லென்ஸ் உள்ள சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஐந்து மீட்டருக்கும் குறைவான அகலத்தையே பார்க்கும். மீட்டருக்கு 400 பிக்சல் வரை கிடைத்துவிடும். எனவே கடைவாசலுக்கும் மாடிப்படி தொடங்கும் இடத்துக்கும் குறுகிய பார்வை கொண்ட 6 மி.மீ. லென்ஸும், கடையின் உட்பகுதிக்கு 2.8 மி.மீ. லென்ஸும் என்று பிரித்துக் கேட்டு வாங்குவதே சிக்கனமான வழி. விற்பவர் தாமாக இதைச் சொல்வது அரிது. நான்கும் ஒரே மாதிரியாக இருந்தால் அவருக்கு வேலை எளிது.

உயரத்திலும் இதே பிழை நடக்கிறது. கைக்கு எட்டாமல் மேலே மாட்டினால் பாதுகாப்பு என்று எண்ணி ஷட்டருக்கு வெகு மேலே பொருத்துகிறார்கள். அங்கிருந்து தெரிவது தலைமுடியும் தொப்பியும்தான். இரண்டரை முதல் மூன்று மீட்டருக்குள் இருந்தால் முகம் கிடைக்கும். கடையின் உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு வெயில் இன்னொரு தடை. வெளியே பளீரென்ற வெளிச்சம் இருக்க, நுழைபவரின் முகம் கறுத்துப் போகும். இதைச் சமாளிக்கும் டபிள்யூடிஆர் வசதி அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் இருந்தால் போதும்; எல்லாவற்றுக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

கேமரா இருந்தால் திருடன் வரமாட்டான் என்ற நம்பிக்கை பாதி உண்மை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, கேமரா உள்ள இடங்களில் குற்றங்கள் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் திட்டமிட்டு வருபவரைக் கேமரா தடுப்பதில்லை. 2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் சுவரைத் துளைத்து நுழைந்தவர்கள் விலங்கு முகமூடி அணிந்திருந்தார்கள். கேமரா அவர்களைப் பதிவு செய்தது, ஆனால் முகம் கிடைக்கவில்லை. திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில் ஒருவர் பிடிபட்ட பிறகே வழக்கு திறந்துகொண்டது. 2023 நவம்பரில் கோவை காந்திபுரத்தில் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடைக்குள் புகுந்தவரையும் கேமரா தடுக்கவில்லை, ஆனால் ஒரே ஆள்தான் வந்தார் என்று காட்டித் தேடலுக்கு வழிவிட்டது. இரண்டு கடைகளையும்விட மிகக் குறைந்த பணத்தில் இயங்கும் சிறு கட்டடம் முதலில் செலவிட வேண்டியது நல்ல பூட்டுக்கும், பின்பக்கக் கதவுக்கும், வாசல் விளக்குக்கும். கேமரா அதற்கு அடுத்தது.

பதிவுப் பெட்டியான டிவிஆரைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது மிகப் பெரிய தவறு. 2023 பிப்ரவரி 12 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களைக் கொள்ளையடித்தவர்கள் இயந்திரங்களுக்குத் தீ வைத்ததில் அங்கிருந்த பதிவுகளும் அழிந்தன. சாலைகளிலும் பிற இடங்களிலும் இருந்த கேமராக்களைக் கொண்டே போலீசார் தடம் பிடித்தார்கள். சிறு கடையில் திருட வருபவருக்குத் தீ கூட வேண்டாம். பெட்டியைக் கையோடு எடுத்துப் போனால் போதும். டிவிஆரை மாடியில் பூட்டிய அறையிலோ, காற்றோட்டமுள்ள இரும்புக் கூண்டிலோ வைக்க வேண்டும். வாசல் கேமரா ஒன்றுக்காவது உள்ளேயே மெமரி கார்டு இருந்தால், பெட்டி போனாலும் ஒரு பிரதி மிஞ்சும்.

“ஒரு மாதம் பதிவு இருக்கும்” என்று விற்பவர் சொல்வதைக் கணக்குப் போட்டுத்தான் ஏற்க வேண்டும். எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவானால், ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். பழைய எச்.264 முறையில் 4 மெகாபிட் வீதம் என்றால் ஐந்து நாள்தான். குடோனில் மூட்டை குறைவது மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போதுதான் தெரியவரும். அதற்குள் பதிவு போயிருக்கும். முப்பது நாள் வேண்டுமென்றால் 4 டெராபைட் வாங்க வேண்டும், அல்லது அசைவு இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி அமைக்க வேண்டும்.

இரவுப் பார்வை 30 மீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, அவ்வளவு தூரத்தில் ஏதோ அசைவது தெரியும் என்பதைத்தான் குறிக்கிறது. அகச்சிவப்பு ஒளியில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். சட்டையின் நிறமோ வண்டியின் நிறமோ கிடைக்காது. கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களால் நெல் விளையும் பகுதி கோபிசெட்டிபாளையம். அதனால் இரவுப் பூச்சிகளும் அவற்றைத் தேடி வரும் சிலந்திகளும் கேமராவைச் சுற்றியே குடியிருக்கும். லென்ஸுக்கு முன் ஒரு சிலந்தி இழை இருந்தாலும் இரவுப் படம் வெள்ளைப் புகையாகிவிடும். கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சாதாரண எல்இடி விளக்கை எரியவிட்டு, வாரம் ஒருமுறை கேமராவைத் துடைப்பது விலையுயர்ந்த இரவுக் கேமராவைவிட நல்ல பலன் தரும். மஞ்சள் தூசும் தவிட்டுத் தூசும் படியும் குடோன்களில் துடைப்பது இன்னும் அவசியம்.

பகலில் நன்றாக இருக்கும் கேமரா இரவில் அடிக்கடி அணைந்தால், பழுது கேமராவில் என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒயர். அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய மலிவான ஒயர் நீண்ட தூரம் போகும்போது, இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் மின்னழுத்தம் இறங்கிவிடும். முழுத் தாமிர ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. மின்தடைக்குச் சிறிய கணினி யுபிஎஸ் ஒன்று வேண்டும்; நான்கு கேமரா அமைப்பு இழுக்கும் மின்சாரம் குறைவுதான்.

ஒயரே இல்லாத வைஃபை கேமரா ஓரறைக் கடைக்கு ஏற்றது. கட்டடம் முழுவதற்கும் அதை நம்ப முடியாது. எந்த வகையானாலும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டி அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத மலிவுக் கேமராவை வாங்குமுன் சான்றிதழ் உண்டா என்று கேட்க வேண்டும்.

செல்போனில் காட்டினால் போதும், அதுவே சாட்சி என்ற எண்ணமும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலுடன் சான்றிதழ் கேட்கிறது. டிவிஆரின் நேரம் தவறாக ஓடினால் நீதிமன்றத்தில் சிக்கல் வரும். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள்ளோ கழிப்பறையிலோ கேமரா வைப்பது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது. அனுமதியின்றி அந்தரங்கத்தைப் படம்பிடிப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

கேமரா மாட்டி முடித்த அன்றிரவே ஷட்டரை இறக்கி, விளக்குகளை வழக்கம்போல் வைத்து, ஓர் ஆளை வாசல் வழியாகவும் மாடிப்படி வழியாகவும் நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். திரையில் ஓடும் நேரடிப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், பதிவானதைத் திரும்ப ஓட்டி, அதில் முகம் தெரிந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.