பாயான் பாருவின் அக்கம்பக்கம் – அறிந்தவர் சிலர்

பள்ளி விடுமுறை வந்தால் நம்மவர்கள் குழந்தைகளைக் கொடிமலைக்கும் தண்ணீர்மலைக்கும் அழைத்துச் செல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாம் குடியிருக்கும் இந்தத் தென்பகுதியிலும் காண வேண்டியவை உண்டு. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்லிவந்த மூன்று இடங்களை இங்கே தருகிறேன்.

முதலாவது, சுங்கை குளுவாங் பாம்புக் கோயில். சோர் சூ கொங் என்னும் சீனத் துறவியின் நினைவாக 1850-இல் எழுப்பப்பட்டது. பீடத்தருகே கிளைகளில் பச்சை விரியன்கள் சுருண்டு கிடக்கும். அவை நஞ்சுள்ளவை, தொடக்கூடாது. புற்றுக்குப் பால் வார்க்கும் நமக்கு, பாம்பைத் துன்புறுத்தாத இந்த மரபு அந்நியமானதன்று.

இரண்டாவது, பத்து மாவுங் குன்றிலுள்ள கோட்டை. 1930-களில் கடல்வழி வரும் பகைவரைத் தடுக்க ஆங்கிலேயர் கட்டியது. ஜப்பானியரோ 1941 டிசம்பரில் வடக்கே தரையிறங்கி நிலவழியாக முன்னேறினார்கள். கோட்டை பயன்படாமலே போயிற்று. அம்மாதம் 19-ஆம் நாள் பினாங்கு அவர்கள் வசமாயிற்று. இன்று அது போர் அருங்காட்சியகம்.

மூன்றாவது, கடலோரச் சாலையில் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் படும் ஜெரஜாக் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வருவோரைத் தனித்து வைக்கும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமும் அமைந்தன. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை இருந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு வீசியது. அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் 'செம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. மாண்ட ரஷ்ய மாலுமிகளுக்கு ஜெரஜாக்கில் கல்லறை உண்டு.

வாசக அன்பர்களே, இம்மூன்றில் நமக்கு மிக நெருக்கமானது ஜெரஜாக்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர், இந்நாட்டில் முதலில் கால் வைத்தது அந்த முகாமில்தான். அம்மையோ காலராவோ இல்லை என்று உறுதியான பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ரஷ்ய மாலுமிகளுக்குக் கல்லறையாவது இருக்கிறது. நம்மவர் பட்ட பாட்டுக்கு வீட்டுப் பெரியவர்களின் நினைவே சாட்சி. 'ரஜூலா' கப்பலின் ஓட்டம் 1973-இல் நின்றுபோனது. அதில் வந்தவர்களும் அருகி வருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீவுக்குப் படகு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் கரையில் நின்றாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். புறப்படுமுன் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு? விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பாட்டனார் வந்த வழி பேரனுக்குத் தெரிந்திருக்கட்டும்.