வரிசையை விட்டு விலகும் சொற்கள்



நெப்போலியனின் சேனை 1812-ஆம் ஆண்டு மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய வரலாற்றைக் கூறும் ஆங்கில நூலுக்கு நீ செய்துவரும் தமிழாக்கத்தை நிதானமாக வாசித்தேன். நடை சரளமாகவே ஓடுகிறது; ஆயினும் ‘ஸ்ட்ராகிள்’, ‘லாக்’, ‘ஸ்ட்ரே’, ‘ஸ்ப்ரால்’ என்று மூலத்தில் தனித்தனி முகத்தோடு நிற்கும் வினைகள் யாவும் உன் கையில் ‘சிதறினார்கள்’, ‘பின்தங்கினார்கள்’ என்ற இரண்டே சொற்களுக்குள் அடங்கிப்போனதைக் கண்டு, இத்தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் பிறருக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால், இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

இவ்வகை வினைகள் எதிர்ப்படும்போது அகராதியைப் புரட்டுவதற்கு முன் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒழுங்கு என்று ஒன்றை வகுத்தவர் யார், அதிலிருந்து இது பிசகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் கண் யாருடையது? அணிவகுப்பிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்று பின்னே வரும் சிப்பாய்க்கும், கத்தரி படாமல் கண்டபடி கிளைவிட்ட வேலிக்கும், இங்கொரு வீடும் அங்கொரு வீடுமாகச் சாலையோரம் நீண்டுகிடக்கும் கிராமத்துக்கும், சீப்புக்கு அடங்காத மீசைக்கும் ஆங்கிலேயர் ‘ஸ்ட்ராகிள்’ என்ற ஒரே வினையைப் பிரயோகிப்பதற்குக் காரணம், இந்நான்கிலும் பார்ப்பவரின் மனத்தில் முன்கூட்டியே ஒரு நேர்வரிசை இருப்பதுதான். தமிழில் இவற்றை ஒரே சொல்லில் அடக்க முயல்வது வீண் சிரமம். சிப்பாய் அணியை விட்டுப் பின்தங்குகிறான். வேலி தாறுமாறாகக் கிளைத்திருக்கிறது. மீசை பரட்டையாக இருக்கிறது. சொல் மாறட்டும், பாதகமில்லை. மூலத்திலிருந்த அந்த வரிசை மட்டும் வாசகரின் கண்ணிலிருந்து மறையலாகாது.

பெரெஸினா நதியைக் கடக்கும் அத்தியாயத்தை மறுபடியும் பார். நெப்போலியனின் ஜெனரல் எப்லேயின் ஆட்கள் உறைபனி நீரில் கழுத்தளவு நின்று கட்டிய பாலங்களின் மீது போர்ச்சேனை கடந்துபோன பின்பும், கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கானோர் தங்கிவிட்டார்கள். இரவில் பாலம் திறந்திருந்தும், கடந்துவிடுமாறு எவ்வளவோ வற்புறுத்தியும், பசியாலும் குளிராலும் சோர்ந்தவர்களில் பலர் மூட்டிய நெருப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. நவம்பர் 29-ஆம் தேதி காலையில் பாலங்கள் கொளுத்தப்பட்டன. சேனாதிபதியின் அறிக்கையில் அவர்கள் ‘பின்தங்கியவர்கள்’. அது அவருடைய கணக்குக்குப் பொருத்தமான சொல். ஆனால் நூலாசிரியர் அறிக்கையை விட்டு அந்த நெருப்பருகே இறங்கி வந்து, அங்கே உட்கார்ந்திருப்பவனோடு பேசும் பக்கத்திலும் நீ அதே சொல்லை இட்டிருக்கிறாய். அவன் தன்னைப் பின்தங்கியவனாக ஒருபோதும் நினைத்திருக்க மாட்டான். ‘இன்னும் கொஞ்ச நேரம் குளிர் காய்ந்துவிட்டுப் போகலாம்’ என்றுதான் நினைத்திருப்பான். அந்த இடத்தில் ‘எழ மனமின்றி உட்கார்ந்துவிட்டவர்கள்’ என்று நீ எழுதியிருந்தால் வாசகரின் நெஞ்சு பதறியிருக்கும்.

‘ஸ்ட்ரே’ வேறு ஜாதிச் சொல். அதன் உள்ளே இருப்பது உடைமை. இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, தறிகெட்டு வந்த மாட்டைப் பற்றிக் கோயிலிலும் அண்மையிலுள்ள இரு சந்தை ஊர்களிலும் பிரசித்தம் செய்ய வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தும் உரியவர் வந்து கேளாவிடில் அது அரசருக்கோ ஊர்ப் பிரபுவுக்கோ சொந்தமாகிவிடும். அதே மனப்பாங்கை ஆங்கிலேய ஆட்சி 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமாக இங்கும் கொண்டுவந்தது; மாட்டைப் பவுண்டில் அடைப்பது என்ற பேச்சு அதனோடு நம் கிராமங்களில் வேரூன்றியது. ஆகவே உன் பதினோராம் பக்கத்துக் குதிரையை ‘வழிதவறிய குதிரை’ என்பது போதாது. அது வழியைத் தேடவில்லை. அதற்கு ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தார் வாயில் இன்றும் வழங்கும் ‘கட்டாக்காலி’ என்ற அருமையான சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தும்; தயங்காமல் எடுத்துக்கொள்.

‘ஸ்ப்ரால்’ உடம்பிலிருந்து பிறந்த சொல்; பழைய ஆங்கிலத்தில் அது கைகால்கள் துடித்துப் புரளுவதையே குறித்தது. பின்னாளில் நகரம் கிராமப்புறத்துக்குள் ஒழுங்கின்றிப் பரவுவதற்கும் ஆகிவந்தது; சாலையோரங்களில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டு போவதைக் கட்டுப்படுத்த 1935-இல் பிரிட்டனில் ஒரு சட்டமே இயற்றினார்கள். உன் சிப்பாய் பனியில் ‘சிதறிக் கிடந்தான்’ என்று எழுதியிருக்கிறாயே, ஒருவன் எப்படிச் சிதறிக் கிடப்பான்? ‘கைகாலைப் பரப்பிக்கொண்டு கிடந்தான்’ என்று திருத்து.

‘ராம்பிள்’ போன்ற சில வினைகளில் இகழ்ச்சியே கிடையாது என்பதையும் கவனத்தில் வை. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்ஸன் 1750-இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கு அந்த வினையிலிருந்தே ‘ராம்ப்ளர்’ என்று பெயர் சூட்டினார். 1932-இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மலைமீது தடையை மீறி நடந்து, சிலர் சிறை சென்ற நடையர்களும் அப்பெயரைப் பெருமையோடு பூண்டவர்களே. மனம்போனபடி நடப்பவருக்கு நம்மிடம் ‘உலாவுதல்’ இருக்கிறது. ‘ராம்பிள்’ பேச்சைக் குறிக்கும்போது மட்டும் ‘வளவளவென்று’ பேசுவதாகிவிடும்.

பெரெஸினா அத்தியாயத்தை முதலிலிருந்து மீண்டும் எழுது. ஒவ்வொரு வாக்கியத்திலும் பார்ப்பவர் சேனாதிபதியா, சிப்பாயா, நூலாசிரியரா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் பிறகே சொல்லைத் தேர்ந்தெடு. முடிந்ததும் அந்தக் குறிப்புகளை அழிக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு. இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம்.